முதியோர் இல்லத்தில் பராமரிப்புக் குறைபாடு: கண்டறிவதும் முறையிடுவதும்

என் அத்தை சென்னைப் புறநகரில் உள்ள ஓர் இல்லத்தில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் இருந்தார். மாதம் இருமுறை ஞாயிற்றுக்கிழமை மாலையில் நாங்கள் சென்று பார்ப்பது வழக்கம். எப்போது போனாலும் தலை வாரி, பவுடர் பூசி, துவைத்த புடவையோடு முன்னறை நாற்காலியில் அவரை உட்கார வைத்திருப்பார்கள். ஒரு புதன்கிழமை வேறு வேலையாக அந்தப் பக்கம் போன நான், சொல்லாமல் கொள்ளாமல் காலை பதினொரு மணிக்கு உள்ளே நுழைந்தேன். ஆறிப்போன இட்லித் தட்டு கட்டிலுக்கு அருகிலேயே இருந்தது. படுக்கை விரிப்பு ஈரமாக இருந்தது. குளிருக்காகப் போட்டிருந்த காலுறையைக் கழற்றியபோது இடது குதிகாலில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தோல் கறுத்துப் போயிருந்தது. நாங்கள் அதுவரை பார்த்து வந்ததெல்லாம் முன்னறையையும் முகத்தையும்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

பெற்றோரையோ உறவினரையோ இல்லத்தில் சேர்த்திருப்பவர்கள் எதை, எப்போது, எப்படிப் பார்க்க வேண்டும், குறை தெரிந்தால் யாரிடம் எந்த வடிவில் முறையிட வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டு நடைமுறைக்கு ஏற்ப இங்கே எழுதுகிறேன்.

போகும் நேரமும் கேட்கும் முதல் கேள்வியும்

ஞாயிறு மாலை எல்லாரும் வரும் நேரம். இல்லமும் அதற்கேற்பத் தயாராக இருக்கும். வார நாளில் காலை ஆறரை மணிக்கு ஒரு முறை, மதிய உணவு நேரத்தில் ஒரு முறை, இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு முறை என்று மாற்றி மாற்றிப் போனால்தான் உண்மையான நாள் எப்படிக் கழிகிறது என்பது தெரியும். இரவு முழுவதும் மாற்றப்படாத டயப்பரும் நனைந்த விரிப்பும் விடியற்காலையில்தான் கண்ணில் படும். எட்டு மணிக்குள் எல்லாம் துடைத்து ஒழுங்காக்கப்பட்டுவிடும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இரவில் எத்தனை பணியாளர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள் எத்தனை பேர்?" என்பது. தானாகப் புரண்டு படுக்க முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பது செவிலியர் பயிற்சியில் நெடுங்காலமாகச் சொல்லித் தரப்படும் அளவு. ஒருவரைத் திருப்பி, டயப்பரைப் பார்த்து, துடைத்து, விரிப்பைச் சரிசெய்யப் பத்து நிமிடமாவது பிடிக்கும். ஒரே பணியாளரிடம் பதினைந்து பேர் இருந்தால் ஒரு சுற்றுக்கு 150 நிமிடம் ஆகும். அவருக்குக் கிடைப்பதோ 120 நிமிடம். அந்தப் பெண் தண்ணீர் குடிக்கவும் உட்காராமல் வேலை செய்தாலும் முடியாத கணக்கு இது. நான் பார்த்தவரை படுக்கைப் புண்ணுக்கும் துர்நாற்றத்துக்கும் பணியாளரின் கல்நெஞ்சம் அரிதாகவே காரணம். ஆள் வைக்காத நிர்வாகமே பெரும்பாலும் காரணம். ஆகவே கோபத்தைப் பராமரிக்கும் பெண்ணிடம் காட்டி அவரைப் பகைத்துக்கொள்வதில் பயனில்லை. பல இல்லங்களில் உள்ளபடி என்ன நடக்கிறது என்பதை நமக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

உடலைப் பார்ப்பது

இதற்கு முதியவரின் சம்மதம் வேண்டும்; கதவைச் சாத்திக்கொண்டு, முடிந்தால் அதே பாலினத்து உறவினர் ஒருவர் பார்ப்பது நல்லது. கால் பிடித்துவிடுவது, எண்ணெய் தேய்த்துவிடுவது, புடவை மாற்றிவிடுவது என்று ஏதேனும் ஒரு வேலையைச் சாக்காக வைத்துக்கொண்டால் அவருக்கும் கூச்சம் இராது.

எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடங்களில்தான் படுக்கைப் புண் தொடங்கும். இரண்டு குதிகால்கள், முதுகின் அடியில் வால் எலும்பைச் சுற்றியுள்ள பகுதி, இடுப்பின் இரு பக்கங்கள், தோள்பட்டை எலும்பு, முழங்கை, பின்மண்டை ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் சில நொடிகள் அழுத்தி எடுத்தால் நலமான தோல் வெளுத்துப் பிறகு சிவக்கும். அழுத்தியும் வெளுக்காத சிவப்பு, புண்ணின் முதல் நிலை. நம்மவர்களின் தோலில் இந்தச் சிவப்பு எளிதில் தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடக் கருமையாகவோ ஊதா நிறமாகவோ தெரிகிறதா, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ கொழகொழப்பாகவோ இருக்கிறதா, அங்கே வலிக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அத்தையின் குதிகால் "வெறும் கறுப்பு" என்று ஒதுக்கப்பட்டதும் இதனால்தான். அந்த இடத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது. நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையத்தின் மேல் உட்கார வைப்பதும் கூடாது, அது சுற்றிலும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். தோல் கிழிந்து, குழி விழுந்து, சீழோ நாற்றமோ இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அடுத்துத் தோல் மடிப்புகள். மார்பகத்தின் கீழும் தொடை இடுக்கிலும் சிவந்து வெந்தாற்போல் இருந்தால், துடைத்து உலர வைப்பதில்லை என்று பொருள். டயப்பர் எப்போது மாற்றப்பட்டது என்பதில் சந்தேகம் இருந்தால், அதன் ஒட்டுப்பட்டையின் மேல் பேனாவால் நேரத்தை எழுதும் பழக்கத்தைக் கொண்டுவரும்படி இல்லத்தைக் கேட்கலாம். நல்ல இல்லங்கள் தயங்காமல் செய்கின்றன. விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பைச் சுற்றிய பகுதிகளில் சிறு கொப்புளங்களும் இரவில் அதிகமாகும் அரிப்பும் இருந்தால் அது சொறி சிரங்காக இருக்கலாம். ஒருவருக்கு மட்டும் களிம்பு போட்டால் போகாது. அறையில் உள்ள அனைவரும், தொட்டுப் பராமரிக்கும் பணியாளர்களும் ஒரே நேரத்தில் மருத்துவர் சொன்ன மருந்தைப் போட்டுக்கொண்டு, துணியையும் விரிப்பையும் வெந்நீரில் துவைக்க வேண்டும். "வயசானா அரிக்கத்தான் செய்யும்" என்று இல்லத்தில் சொன்னால், பக்கத்துக் கட்டில்காரரும் சொறிந்துகொண்டிருக்கிறாரா என்று ஒரு பார்வை பாருங்கள்.

உடல் எடையை மாதந்தோறும் பார்த்துக் குறித்துவைக்கும் வழக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். முயலாமலே ஒரு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு, அதாவது 50 கிலோ இருப்பவருக்கு இரண்டரைக் கிலோ குறைந்தால் மருத்துவர் பார்த்தாக வேண்டும். எடைக் கருவி இல்லாத இடத்தில் தொளதொளத்துப் போன ஜாக்கெட்டும், முழங்கை வரை ஏறும் வளையலும், வாயில் நிற்காத பல்செட்டும் அதே செய்தியைச் சொல்லும். சாப்பாட்டு வேளையில் அருகில் உட்கார்ந்து, தட்டை வைத்துவிட்டுப் போகிறார்களா, ஊட்டிவிடுகிறார்களா, ஊட்டும்போது நிமிர்த்தி உட்கார வைக்கிறார்களா என்று கவனிக்க வேண்டும். படுத்த நிலையில் ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியா வரும் ஆபத்து உண்டு.

தண்ணீரைத் தனியாகச் சொல்ல வேண்டும். டயப்பர் மாற்றும் வேலையைக் குறைக்க மாலைக்குப் பிறகு தண்ணீர் கொடுப்பதைக் குறைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. சில முதியவர்கள் தாங்களே, பிறருக்குச் சிரமம் தரக் கூடாதென்று குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். நாக்கு வறண்டு, சிறுநீர் அடர்மஞ்சளாகி, நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று பிதற்றினால், "மறதி நோய் முத்திவிட்டது" என்று முடிவு கட்டுவதற்கு முன் நீர்ச்சத்துக் குறைவையும் சிறுநீர்த் தொற்றையும் பார்க்கச் சொல்ல வேண்டும். கோடு போட்ட ஒரு பாட்டிலைக் கை எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு வருவது எளிய சோதனை. சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் அதன் பை இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். தரையில் கிடக்கக் கூடாது, ததும்பும்வரை விடவும் கூடாது.

மாத்திரை அட்டைகளை எண்ணுங்கள். பதினைந்து நாளில் முப்பது தீர வேண்டியதில் பன்னிரண்டு மிச்சம் இருந்தால் கேள்வி கேட்க வேண்டியதுதான். எப்போது போனாலும் அரைத் தூக்கத்தில் இருந்தால், என்னென்ன மருந்து கொடுக்கப்படுகிறது, தூக்க மருந்து இருந்தால் எந்த மருத்துவர் எழுதினார் என்று சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் வளையம்போல் தடம் தெரிந்தால் கட்டி வைக்கிறார்களோ என்று ஐயப்பட இடமுண்டு.

கட்டடத்தைப் பார்ப்பது

வருகையாளர் கழிவறை எப்போதும் பளிச்சென்றுதான் இருக்கும். உள்ளே இருப்பவர்கள் பயன்படுத்தும் கழிவறைக்குப் போங்கள்: தரை வழுக்குகிறதா, கைப்பிடிக் கம்பி இருக்கிறதா, விளக்கு எரிகிறதா, சோப்பு இருக்கிறதா. கண்ணை எரிக்கும் ஃபினாயில் வாடை சுத்தத்துக்குச் சான்றாகாது. பல நேரங்களில் அது வேறொரு வாடையை மூடத் தெளித்தது. விரிப்பை ஒரு மூலையில் தூக்கி மெத்தையைப் பார்த்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். ரெக்சின் உறை கிழிந்து, உள்ளே பஞ்சு சிறுநீரை உறிஞ்சியிருந்தால் எத்தனை விரிப்பு மாற்றியும் பயனில்லை. மெத்தைத் தையலில் கரும்புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி.

ஒரே துண்டு, ஒரே சீப்பு, ஒரே சவரக்கத்தி என்று பொதுவாகப் புழங்குகிறார்களா என்று கேளுங்கள். சவரக்கத்தி வழியாக மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெபடைடிஸ் பி, சி பரவ வாய்ப்புண்டு. கட்டிலில் அழைப்பு மணி இருந்தால் நீங்களே அழுத்திவிட்டு, எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறார் என்று கடிகாரத்தைப் பாருங்கள். மணியின் ஒயரைச் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்த ஓர் இல்லத்தை நான் பார்த்திருக்கிறேன். சும்மா சும்மா அடிக்கிறார்களாம்.

பேச வைப்பது

"எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "எனக்கென்னப்பா குறை, நல்லாத்தான் இருக்கேன்" என்ற பதில்தான் வரும். பிள்ளைகளைச் சங்கடப்படுத்தக் கூடாது என்ற எண்ணம் பாதி, நாம் போன பிறகு தன்னைக் கவனிக்கப்போவது இவர்கள்தானே என்ற அச்சம் பாதி. அதனால் குறிப்பாகக் கேட்க வேண்டும்: "நேத்து ராத்திரி யார் வந்து திருப்பிப் போட்டாங்க?" "தலைக்கு எப்போ குளிச்சீங்க?" "மணி அடிச்சா யார் வருவாங்க?" பணியாளர் அருகில் இல்லாதபோது கேட்பது முக்கியம், இல்லத்தின் கைப்பேசியில், வேறொருவர் பிடித்துக்கொண்டிருக்கும் காணொளி அழைப்பில் இந்தப் பேச்சு நடக்காது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் மாதம் ஒருமுறை உள்ளூர் உறவினரையோ, கட்டணம் கொடுத்து ஒரு செவிலியரையோ நேரில் அனுப்பி, குதிகாலையும் முதுகையும் பார்த்துச் சொல்லச் செய்வது தினசரிக் காணொளியைவிடப் பயனுள்ளது.

ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு லேசாக இடித்தாலே நீலம் பாரித்துவிடும். மறதி நோய் உள்ளவர் தன் மோதிரத்தை யாரோ திருடிவிட்டதாகத் தினமும் சொல்லலாம். குளிக்க மறுத்து அடம் பிடிக்கலாம். ஒரு தடத்தை வைத்துக் குற்றம் சாட்டுவதற்கு முன், அது எப்படி வந்தது, எப்போது கவனித்தீர்கள், குறிப்பேட்டில் எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். விழுந்ததையும் புண் வந்ததையும் அன்றே எழுதி, அன்றே வீட்டுக்குச் சொல்லும் இல்லம் நம்பத்தக்கது. ஆளுக்கொரு கதை சொன்னால் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

பார்க்கவே விடாத இல்லம் பற்றித் தயங்க வேண்டியதில்லை. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ஆதரவற்றோர் காப்பகம் ஒன்றின் நிலை வெளியே வந்ததற்கு, அங்கே சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காணாமல் தேடிய உறவினர் தரப்பு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தொடுத்ததுதான் தொடக்கம். அதன் பின் நடந்த சோதனையில் உரிய அனுமதி இல்லாமல் அது இயங்கியது தெரிந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். வழக்கு சிபிசிஐடி விசாரணைக்குப் போனது. "இப்போது பார்க்க முடியாது", "வேறு கிளைக்கு மாற்றிவிட்டோம்" என்ற பதில்களை ஒரு நாளுக்கு மேல் ஏற்றுக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

எழுதி வைப்பதும் முறையிடுவதும்

"அம்மாவைச் சரியாகக் கவனிப்பதில்லை" என்ற வரியை வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்திலும் கோப்பு நகராது. "12ஆம் தேதி காலை 11.10 மணிக்கு விரிப்பு நனைந்திருந்தது. இடது குதிகாலில் சுமார் இரண்டரை செ.மீ. கறுத்த இடம், பணியில் இருந்தவரிடம் கேட்டதற்கு இரவுப் பணியாளர் விடுப்பு என்றார்" என்று எழுதினால் நகரும். ஒரு நோட்டில் தேதி, நேரம், கண்டது, கேட்டது, கிடைத்த பதில் ஆகியவற்றை எழுதுங்கள். புண்ணின் அருகில் ஒரு நாணயத்தையோ அளவுகோலையோ வைத்துப் படம் எடுங்கள். பிற முதியவர்களைப் படம் எடுக்கக் கூடாது. அவர்கள் நிலையைச் சொல்ல வேண்டுமானால் பெயர் குறிப்பிடாமல் எழுத்தில் சொன்னால் போதும். கட்டண ரசீது, ஒப்பந்தம், வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து வையுங்கள்.

உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை: 108 ஆம்புலன்ஸை அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோய், காயம் எங்கே எப்படி ஏற்பட்டதாகத் தெரிகிறது என்பதை மருத்துவரிடம் சொல்லிக் குறிப்பில் எழுதச் செய்யுங்கள். அடித்த காயமோ விழுந்த காயமோ என்றால் விபத்துப் பதிவேட்டில் பதியச் சொல்லி, 'ஏ.ஆர். காப்பி' என்று வழங்கும் அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். பின்னால் காவல் நிலையத்திலும் நுகர்வோர் ஆணையத்திலும் அதற்குள்ள மதிப்பு வேறு எதற்கும் இல்லை.

ஆபத்து அவ்வளவு உடனடியாக இல்லையென்றால், முதலில் இல்ல நிர்வாகிக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி, இரண்டு மூன்று நாள் அவகாசம் தரலாம். மாறவில்லை என்றால் 14567 என்ற முதியோர் உதவி எண். காலை எட்டு முதல் இரவு எட்டு மணி வரை, வாரம் முழுவதும் இயங்குகிறது. மாவட்ட சமூக நல அலுவலரிடம் எழுத்துப் புகார் கொடுத்து, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடமும் ஒரு மனு கொடுத்துவிட்டால், மனு எண்ணை வைத்துப் பின்தொடர முடியும். மனநோயாளிகளையும் அங்கே தங்க வைத்துச் சிகிச்சை தருகிறார்கள் என்றால், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி தனிப் பதிவு தேவை. புகாரில் அதையும் குறிப்பிட வேண்டும். இல்லத்துக்குப் பதிவு இருக்கிறதா, கடைசியாக எப்போது ஆய்வு நடந்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும்.

இங்கே பலர் குழம்புவதுண்டு. 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின்படி கோட்டாட்சியர் தலைமையில் இயங்கும் தீர்ப்பாயம், பிள்ளைகளிடமும் சொத்துக்கு வாரிசாகும் உறவினர்களிடமும் இருந்து பராமரிப்புத் தொகை பெற்றுத் தருவதற்கானது. இல்லத்தின் மீதான புகாருக்கு அது இடமல்ல. பராமரிக்கும் பொறுப்பில் உள்ளவர் மூத்த குடிமகனை எங்காவது நிரந்தரமாகக் கைவிடும் நோக்கில் விட்டுவிட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5000 ரூபாய் வரை அபராதம் என்று அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்வதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இல்லத்துக்குப் பொருந்துவது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 357ஆம் பிரிவு. நோயாலோ உடல் பலவீனத்தாலோ இயலாத ஒருவரைக் கவனிக்கவும் அவர் தேவைகளைத் தரவும் சட்டப்படி ஒப்புக்கொண்டவர் வேண்டுமென்றே அதைச் செய்யாமல் விட்டால், அது குற்றம். தண்டனை சிறியதுதான்: மூன்று மாதம் வரை சிறையோ 5000 ரூபாய் வரை அபராதமோ. ஆனாலும் புகாரில் இந்தப் பிரிவைக் குறிப்பிடுவது நல்லது. கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்தும் இல்லம் என்றால் சேவைக் குறைபாட்டுக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் இரண்டு ஆண்டுகளுக்குள் நாடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

வேறு இல்லத்துக்கு மாற்றும்போது

புகார் கொடுத்த பிறகும் முதியவரை அங்கேயே விட்டுவைக்க மனம் ஒப்பாது. முன்பணத்தைப் பிடித்துவைத்து மிரட்டினாலும், அந்தத் தகராறைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அழைத்து வந்துவிடுவதே என் யோசனை. மருந்துச் சீட்டுகள், எடைக் குறிப்பு, செவிலியர் குறிப்பேட்டின் நகல் ஆகியவற்றைக் கேட்டு வாங்கி, புறப்படும் நாளன்று உடலில் உள்ள புண்களைப் படம் எடுத்து, புதிய இல்லத்தில் சேர்க்கும்போதே அங்குள்ள செவிலியர் முன்னிலையில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். பழைய புண்ணா புதிய புண்ணா என்ற வழக்கு பின்னால் வராது. பழகிய தலையணை, போர்வை, சாமி படம், டிரான்சிஸ்டர் போன்றவற்றைக் கூடவே கொண்டுபோங்கள். இடம் மாறிய முதல் வாரத்தில் தடுமாற்றமும் தூக்கமின்மையும் வருவது இயல்பு. முதல் இரண்டு இரவு உறவினர் ஒருவர் உடன் தங்க அனுமதி கேளுங்கள்.

அத்தையின் குதிகால் ஆற நான்கு மாதம் ஆயிற்று. சர்க்கரை நோய் உள்ளவர் என்பதால் காலின் இரத்த ஓட்டத்தையும் மருத்துவர் பார்த்தார். புதிய இடத்தில் அவருக்குச் செய்ததில் செலவு வைத்தது எதுவும் இல்லை. கெண்டைக்காலின் நீளத்துக்கும் ஒரு தலையணையைக் கொடுத்து, முட்டியை லேசாக மடக்கி, குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி வைத்தார்கள். இரவில் அது நழுவிவிட்டால் சரிசெய்ய ஓர் ஆள் விழித்திருந்தார்.